ஏசி ஓடும்போது யாருக்கும் இவர் நினைவு வராது. நின்றால் முதல் போன் இவருக்குத்தான்! யார் இந்த ஃபெசிலிட்டி மேனேஜர்?

காலை 9 மணி. ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, ஐடி கார்டை மாட்டிக்கொண்டே ஆபீஸுக்கு நடக்கிறீர்கள். பட்டனைத் தொட்டதும் லிஃப்ட் வருகிறது. சீட்டில் உட்கார்ந்தால் ஏசி இதமாக இருக்கிறது. பாத்ரூம் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது.

இதெல்லாம் தானாக நடப்பதில்லை. அதிகாலையிலேயே யாரோ ஒருவர் பம்ப் ரூமையும், ஜெனரேட்டரின் டீசல் அளவையும், நைட் ஷிஃப்ட் ரிஜிஸ்டரையும் பார்த்து முடித்திருப்பார். அவர்தான் ஃபெசிலிட்டி மேனேஜர்.

1958-ல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்த பகுதி ஈக்காட்டுத்தாங்கல். ஒரு காலத்தில் லேத் பட்டறைச் சத்தம் கேட்ட தெருக்களுக்குப் பக்கத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. கூடவே கட்டடத்தைப் பராமரிப்பதும் தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

அப்படி என்னதான் வேலை?

வீட்டில் அம்மா செய்யும் வேலைகளைப் பட்டியல் போட முடியாது இல்லையா? கிட்டத்தட்ட அதே கதைதான். மின்சாரம், ஏசி, லிஃப்ட், குடிநீர், கழிவுநீர் சுத்திகரிப்பு, தீயணைப்புக் கருவிகள், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், பார்க்கிங், கேன்டீன் என எல்லாமே இவர் தலையில்தான் விடியும்.

அமெரிக்காவில் 1980-ல் இந்தத் துறைக்கென்று ஒரு சங்கமே உருவானது. இன்று அதுதான் உலக அளவிலான ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட் சங்கம். 2018-ல் ஐஎஸ்ஓ 41001 என்ற சர்வதேசத் தரநிலையும் வந்துவிட்டது. ஆனாலும் சொந்தக்காரர்களிடம் "என்ன வேலை பார்க்கிறே?" என்ற கேள்விக்கு விளக்கம் சொல்வது இன்றும் கஷ்டம்தான்.

காரணம், இந்த வேலையில் ஜெயித்தால் எதுவுமே நடக்காது. கரன்ட் போனதும் ஜெனரேட்டர் சில நொடிகளில் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியை யுபிஎஸ் தாங்கிவிடும், கம்ப்யூட்டர் அணையாது. அதற்காக யாரும் பாராட்டப் போவதில்லை. ஆனால் "சார், மூணாவது மாடில ஏசி வரல" என்ற மெசேஜ் மட்டும் தவறாமல் வந்துவிடும்.

சென்னை வைத்த மூன்று பரீட்சைகள்

இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள, சென்னையின் மூன்று ஆண்டுகளைப் பார்த்தால் போதும்.

2015: டிசம்பர் முதல் நாளில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட, அடையாற்று வெள்ளம் ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை வரை புகுந்தது. இடத்தை மிச்சப்படுத்த மின் பேனலையும் ஜெனரேட்டரையும் பேஸ்மென்ட்டில் வைப்பது பல கட்டடங்களின் வழக்கம். வெள்ளம் முதலில் தேடிப் போவதும் அந்த பேஸ்மென்ட்டைத்தான். மின் பேனல் மூழ்கிவிட்டால் பம்ப் ஓடாது. பம்ப் ஓடாவிட்டால் தண்ணீரை வெளியேற்றவும் முடியாது. அதனால்தான் மின் பேனல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை ஆகிறது.

2019: இந்த முறை நேர் எதிர். ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. சில ஐடி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. சுத்திகரித்த கழிவுநீரை டாய்லெட் ஃப்ளஷுக்கும், ஏசியின் கூலிங் டவருக்கும் திருப்பிவிட்ட கட்டடங்களுக்கு லாரித் தண்ணீர்த் தேவை குறையும். அந்த ஏற்பாட்டைக் கோடைக்கு முன்பே செய்து வைத்திருக்க வேண்டும். ஏரி வறண்ட பிறகு யோசித்துப் பயனில்லை.

2020: கொரோனா ஊரடங்கு. ஆள் இல்லாத கட்டடத்துக்குப் பராமரிப்பு எதற்கு என்று தோன்றும். ஆனால் குழாயில் வாரக்கணக்கில் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் வளரலாம். யாரும் குடிக்காத தண்ணீரையும் அவ்வப்போது திறந்துவிட வேண்டும். காலிக் கட்டடத்தையும் உயிரோடு வைத்திருக்க ஒரு சிறு குழு வேலைக்கு வந்தாக வேண்டும்.

இந்த வேலைக்கு எப்படி வருகிறார்கள்?

"ஃபெசிலிட்டி மேனேஜர் ஆகணும்" என்று பிளஸ் டூ-வில் கனவு கண்டவர்கள் அபூர்வம். ஐடிஐ எலெக்ட்ரீஷியன், மெக்கானிக்கல் டிப்ளமோ, ஹோட்டல் மேனேஜ்மென்ட், ராணுவப் பணி என வெவ்வேறு பாதைகளில் வந்து சேர்கிறார்கள்.

இந்தத் துறையில் பெரிதாக வளர்ந்தவர்களும் அப்படித்தான். மகாராஷ்டிரத்தின் சாதாரா மாவட்டத்துக்காரர் ஹணமந்த்ராவ் கெய்க்வாட். புனேயில், அப்போது டெல்கோ என்று அழைக்கப்பட்ட டாடா மோட்டார்ஸ் ஆலையில் பொறியாளராக இருந்தார். வீணாகக் கிடந்த கேபிள்களைத் திரும்பப் பயன்படுத்தும் வழியைச் சொல்லி நிறுவனத்துக்குப் பெரும் செலவை மிச்சப்படுத்தினார். மேலதிகாரிகள் பாராட்டியபோது, தன் ஊர் இளைஞர்களுக்கு வேலை கேட்டார். அப்படிக் கிடைத்த ஹவுஸ்கீப்பிங் வேலைதான் தொடக்கம். 1997-ல் எட்டுப் பேருடன் உருவான அவருடைய பிவிஜி நிறுவனம், பின்னாளில் நாடாளுமன்ற வளாகத்தைப் பராமரிக்கும் அளவுக்கு வளர்ந்தது.

சென்னையிலும் ஓர் உதாரணம் உண்டு. முதல் தலைமுறைத் தொழில்முனைவோரான ரகுநந்தன தங்கிராலா 1990-ல் தொடங்கிய அப்டேட்டர் சர்வீசஸ், 2023-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. துடைப்பமும் டூல் பாக்ஸும் சார்ந்த தொழில் பங்குச் சந்தை வரை போகும் என்று 1990-ல் யார் நினைத்திருப்பார்கள்?

கஷ்டமான வார்த்தை: "வேண்டாம்"

மெஷின்களை மேய்ப்பது இந்த வேலையின் சுலபமான பாதி. கஷ்டமான பாதி மனிதர்கள்.

கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு. நாற்றம் மேலே வருகிறது. மேலிடத்திலிருந்து போன் மேல் போன். "ஒரு ஆளை இறக்கினா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்று ஒருவர் சொல்வார். அந்தத் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் தேங்கியிருக்கலாம். முதல் ஆள் மயங்கி விழ, காப்பாற்றப் போன இரண்டாவது ஆளும் இறந்துபோன செய்திகளைத் தமிழ்நாடு பலமுறை படித்திருக்கிறது.

2013-ம் ஆண்டுச் சட்டப்படி, இப்படி ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதே குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இப்படி ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அந்த நிமிடத்தில் சட்டப் புத்தகம் பக்கத்தில் இருக்காது. "ஆளை இறக்க வேண்டாம், லாரி வரட்டும்" என்று சொல்லும் ஒருவர் இருக்க வேண்டும். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று அதைச் சொல்பவர்தான் நல்ல ஃபெசிலிட்டி மேனேஜர்.

முதலில் பார்ப்பவர் யார்?

சீலிங்கில் ஈரம் பரவுவதை முதலில் கவனிப்பவர் மாப் பிடித்திருக்கும் அக்கா. பேனல் ரூமில் கருகல் வாசனையை முதலில் உணர்பவர் ரவுண்ட்ஸ் போகும் செக்யூரிட்டி அண்ணன். எந்த சென்சாரும் இவர்களுக்கு மாற்று ஆகாது. ஆனால், பெயர்கூடத் தெரியாத மேனேஜரிடம் யார் தேடிப் போய்ச் சொல்வார்கள்?

பெரும்பாலும் இவர்கள் ஒப்பந்த ஊழியர்கள். கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால், வேலை வாங்கும் முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்று 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பொறுப்பு இருக்கிறது.

கடைகள், நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவருக்கும், ஆபீஸ் லாபியில் நிற்கும் செக்யூரிட்டிக்கும் கால் வலி ஒன்றுதான்.

உங்கள் ஆபீஸ் எப்படி?

உங்கள் கட்டடத்தை யாராவது அக்கறையோடு பார்த்துக்கொள்கிறார்களா என்று தெரிய வேண்டுமா? மூன்று கேள்விகள் போதும். கடைசியாக ஃபயர் டிரில் எப்போது நடந்தது? கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வது மெஷினா, மனிதரா? லாபி செக்யூரிட்டிக்கு உட்கார நாற்காலி இருக்கிறதா?

மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், உங்கள் ஃபெசிலிட்டி மேனேஜரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு "தேங்க்ஸ்" சொல்லிவிடலாம்.