கெண்டை மீனில் தொடங்கிய கண் ஆராய்ச்சி

மெடவார் என்ற விஞ்ஞானி முயல்களில் செய்த சோதனையைச் சென்ற வாரம் பார்த்தோம். கண்ணின் முன்னறையில் ஒட்டிய அந்நியத் தோல், ரத்தக்குழாய் முளைக்காதவரை பிழைத்திருந்தது. கண்ணுக்கு நோயெதிர்ப்பு மண்டலம் தனிச் சலுகை தந்திருக்கிறது என்ற கருத்து 1948இல் அப்படி வேரூன்றியது. சரி, இவ்வளவு சலுகை இருந்தும் சிலருடைய கண்ணை அவர்களுடைய உடம்பே ஏன் தாக்குகிறது? இந்த ஒரு கேள்வியோடு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒரு விஞ்ஞானியைப் பற்றித்தான் இந்த வாரம்.

ரேச்சல் காஸ்பி. இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1984இல் வெளியான அவருடைய கட்டுரை ஒன்று கெண்டை மீனைப் பற்றியது. பாலூட்டிகளின் நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்களைப் பெருகச் செய்யும் இன்டர்லூக்கின்-2 போன்ற ஒரு பொருள் எலும்பு மீன்களுக்கும் உண்டு என்பதற்கான சான்று அதில் இருந்தது. பிறகு அவர் அமெரிக்காவுக்குப் போய், மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் இருக்கும் தேசியக் கண் நிறுவனத்தில் சேர்ந்தார். மீனை விட்டுக் கண்ணுக்கு வந்தது திசைமாற்றம் போலத் தெரியலாம். ஆனால் இரண்டு இடத்திலும் அவர் பின்தொடர்ந்தது டி செல்லைத்தான்.

யுவைடிஸ் என்பது கண்ணுக்குள் உண்டாகும் அழற்சி. சிலருக்கு அது முன்பகுதியோடு நிற்கும்; கண் சிவந்து வலிக்கும். பின்பகுதிக்குப் போனால் விழித்திரையே சிதைகிறது. வலிகூட இல்லாமல் பார்வை மங்கிக்கொண்டே வரும். உழைக்கும் வயதில் இருப்பவர்களை அதிகம் பிடிப்பதால் இந்த நோயின் சுமை கண்ணோடு முடிவதில்லை, குடும்பத்தையும் அழுத்துகிறது. கிருமியால் வரும் யுவைடிஸ் ஒரு வகை. கிருமி எதுவும் அகப்படாமல், உடம்பின் சொந்தப் படையே விழித்திரையை அழிப்பது இன்னொரு வகை. காஸ்பி எடுத்துக்கொண்டது இரண்டாவதை.

காஸ்பியும் சகாக்களும் செய்த முதல் காரியம், குற்றம் யாருடையது என்று ஐயமற நிறுவியது. விழித்திரைப் புரதத்தை அடையாளம் காணும் டி செல்களை எலியிலிருந்து எடுத்துச் சோதனைக்கூடத்தில் வளர்த்தார்கள். அவற்றை ஆரோக்கியமான இன்னோர் எலிக்குச் செலுத்தினார்கள். அந்த எலிக்கும் கண்ணில் நோய் வந்தது. ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புரதங்கள் தேவைப்படவில்லை; டி செல்களே போதுமானவையாக இருந்தன. இது 1986.

அடுத்த ஆண்டு சயின்ஸ் இதழில் வந்த கட்டுரை எனக்கு இன்னும் பிடித்தது. விழித்திரையின் குறுக்கே தூண்போல நிற்கும் மியூலர் செல்கள் நரம்பு செல்களுக்குத் தாங்கலாக இருப்பவை. நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றோடு டி செல்களைச் சேர்த்து வளர்த்தபோது, தாக்க வந்த டி செல்கள் பெருகாமல் அடங்கின. அதற்கு இரண்டும் ஒன்றையொன்று தொட வேண்டியிருந்தது. வெறும் தாங்குசெல் என்று நினைத்த ஒன்று தன் உறுப்பைக் காக்கக் கை நீட்டுகிறது என்பதை அந்தச் சோதனை காட்டியது.

இதற்குப் பிறகு வந்தது யாரும் விழா எடுக்காத வேலை. அதுவரை இந்த நோயை எலி, கினிப்பன்றி போன்ற விலங்குகளில்தான் வரவழைக்க முடிந்தது. சுண்டெலிகள் அசைந்துகொடுக்கவில்லை. ஆனால் ஒரு மரபணுவை நீக்கியோ சேர்த்தோ என்ன ஆகிறது என்று பார்க்க அன்று சுண்டெலியே ஏற்ற விலங்கு. எந்த இனச் சுண்டெலி, எந்தப் புரதம், எவ்வளவு, அதோடு எந்தத் தூண்டுபொருள் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். 1988இல் காஸ்பியின் குழு அதைச் சாதித்தது. கைகொடுத்த புரதங்களில் முக்கியமானது ஐ.ஆர்.பி.பி.; ஒளி உணரும் செல்களுக்கும் அவற்றின் பின்னால் உள்ள நிறமி அடுக்குக்கும் இடையே வைட்டமின் ஏ-யின் வடிவங்களைச் சுமந்து செல்வது. உலகம் முழுவதும் யுவைடிஸ் ஆய்வுக்கூடங்கள் இன்றும் பயன்படுத்துவது இந்த மாதிரியைத்தான். ஒரு துறையே ஏறி நடக்கும் படியை அமைத்துக் கொடுத்தவர்களை நாம் போதுமான அளவு கொண்டாடுவதில்லை என்பது என் திடமான எண்ணம்.

அந்தப் படியில் ஏறிப் பார்த்தபோது சலுகையின் மறுபக்கம் தெரிந்தது. டி செல்கள் பக்குவப்படும் இடம் நெஞ்சுக்கூட்டில் உள்ள தைமஸ் சுரப்பி. உடம்பின் பல புரதங்கள் அங்கே சிறிதளவு காட்டப்படுகின்றன. அவற்றைத் தாக்கத் துடிக்கும் செல்கள் அங்கேயே கழிக்கப்படுகின்றன. ஐ.ஆர்.பி.பி. தைமஸிலும் தலைகாட்டுகிறது. 2003இல் காஸ்பியின் குழு, இந்தப் புரதமே இல்லாத சுண்டெலிகளின் டி செல்கள் அதற்கு எதிராக அதிக வேகத்தோடு கிளம்புவதைக் காட்டியது. ஆனால் தைமஸின் களையெடுப்பு முழுமையானதல்ல. தப்பி வெளியேறும் சில செல்களை, மற்ற உறுப்புகளாக இருந்தால் போகிற வழியிலேயே சாந்தப்படுத்தும். கண் மூடிய உறுப்பு என்பதால் அந்தப் பழக்கம் ஏற்படுவதில்லை. ஊருக்கே வராத சொந்தக்காரரை வாசலில் மறித்து அடிக்கும் காவலாளியைப் போல, விழித்திரையைக் கண்டறியாத டி செல் அதைப் பகையென்று எடுத்துக்கொள்கிறது.

எந்த ஆயுதத்தால் தாக்குகிறது என்பதிலும் எளிய விடை கிடைக்கவில்லை. டி.எச்.1 என்ற வகை டி செல்களே காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள், பிறகு டி.எச்.17 என்ற வகை வந்து எல்லார் கவனத்தையும் இழுத்துக்கொண்டது. நோய் எப்படித் தூண்டப்படுகிறது என்பதைப் பொறுத்து இரண்டில் எதுவும் தனியாகவே கண்ணை அழிக்கும் என்று 2008இல் அவருடைய குழு காட்டியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, டி.எச்.17 செல்களின் ஆயுதமான இன்டர்லூக்கின்-17ஐத் தடுக்கும் செகுகினுமாப் மருந்தின் மனிதச் சோதனை முடிவுகள் வெளியாயின. யுவைடிஸில் எதிர்பார்த்த முதன்மைப் பலன் கிடைக்கவில்லை. சுண்டெலி கொடுத்த எச்சரிக்கையை அந்த முடிவுகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மூலக்கேள்வி அப்போதும் மிச்சமிருந்தது. மூடிய கண்ணுக்குள் இருக்கும் புரதத்தைப் பார்த்தே இராத டி செல்லை எழுப்பிவிடுவது யார்? காஸ்பியின் குழு ஐ.ஆர்.பி.பி.யை அடையாளம் காணும் டி செல்களை ஏராளமாகக் கொண்ட சுண்டெலிகளை உருவாக்கியது. ஊசி போடாமல், தூண்டுபொருள் கொடுக்காமல், இரண்டு மாத வயதுக்குள் அவற்றுக்குத் தானாகவே யுவைடிஸ் வந்தது. அந்தச் சுண்டெலிகளுக்குப் பல ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்துக் கொடுத்தபோது நோய் தணிந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தபோதும் தணிந்தது. குடல் நுண்ணுயிர்களிலிருந்து எடுத்த சாறு, இந்த டி செல்களை அவற்றின் ஏற்பி வழியாகவே உசுப்பியது. 2015இல் இம்யூனிட்டி இதழில் வெளியான இந்த முடிவின்படி, விழித்திரையைத் தாக்கும் செல் குடலில் விழித்துக்கொண்டு கண்ணுக்குப் பயணம் போகிறது. குற்றவாளி இன்ன நுண்ணுயிர்தான் என்று அந்தக் கட்டுரை பெயர் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்க வேண்டாம். சுண்டெலியில் கண்ட வழி மனிதர்களுக்கான சிகிச்சையாக மாற இன்னும் தொலைவு இருக்கிறது.

எல்லா நுண்ணுயிரும் பகை அல்ல. 2017இல் அதே ஆய்வுக்கூடம் சுண்டெலியின் கண் மேற்பரப்பில் வாழும் ஒரு பாக்டீரியாவைப் பற்றி எழுதியது. உள்ளே அழிவு செய்யும் அதே இன்டர்லூக்கின்-17ஐ அது வெளிப்பரப்பில் தூண்டிவிட, கேண்டிடா பூஞ்சையும் சூடோமோனாஸ் பாக்டீரியாவும் கண்ணைத் தொற்றவிடாமல் தடுக்கப்பட்டன.

நம் பக்கத்து மருத்துவர்களுக்கு நுண்ணுயிரும் யுவைடிஸும் சேர்ந்து வருவது புதிதல்ல, இங்கே கதை வேறு மாதிரி என்றாலும். 1993இன் கடைசியில் பெருமழையும் வெள்ளமும் வந்த பிறகு, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு யுவைடிஸ் நோயாளிகள் திரளாக வந்தார்கள். தேடியபோது எலிக்காய்ச்சல் கிருமி அகப்பட்டது. காசநோயும் இங்கே கண்ணைத் தாக்குகிறது. அதனால் நம் ஊர் மருத்துவர் ஸ்டீராய்டை நீண்டநாள் கொடுப்பதற்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் கேட்டால் பொறுமையாகச் செய்துகொள்ளுங்கள். உள்ளே கிருமி ஒளிந்திருக்கும்போது எதிர்ப்புச் சக்தியை மட்டும் அடக்கினால், கிருமிக்கு வழி திறந்துவிட்டதாகிவிடும்.

கிருமி இல்லை என்று உறுதியானவர்களுக்கு ஸ்டீராய்டைத் தாண்டியும் இன்று மருந்துகள் உண்டு. அவற்றுக்குக் கதவைத் திறந்தவர் அதே பெதஸ்டா வளாகத்தில் வேலை பார்த்த ராபர்ட் நுசென்பிளாட். உறுப்புமாற்று நோயாளிகளுக்கான சைக்ளோஸ்போரினை 1980களின் தொடக்கத்திலேயே கண் நோய்க்குக் கொடுத்துப் பார்த்தவர். அவரைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)