மென்பொருள் பொதிக்குத் தெளிவான வழிகாட்டி: நீங்களும் உதவலாம்

ஆரணியில் புதிதாகத் தறியில் உட்காருபவருக்குப் பாவு இணைப்பதையும், ஜக்கார்டு அட்டைகளை வரிசை மாறாமல் கோப்பதையும் பக்கத்தில் இருக்கும் பெரியவர் சொல்லிக்கொடுப்பார். கட்டற்ற மென்பொருள் செய்பவர்களோ ஆளுக்கொரு ஊரில், நாட்டில் இருக்கிறார்கள். அங்கே பெரியவருக்குப் பதிலாக இருப்பது எழுதிவைத்த வழிகாட்டிதான்.

பொதி என்றால் என்ன?

மென்பொருளையும், அதன் பதிப்பு எண், அது இயங்கத் தேவையான பிற மென்பொருள்கள், பராமரிப்பவர் யார் போன்ற விவரங்களையும் சேர்த்துக் கட்டியதே பொதி (பேக்கேஜ்). உங்கள் போனில் 'இன்ஸ்டால்' அழுத்தினால் இறங்கும் ஏபிகே கோப்பும் ஒரு பொதிதான்.

1993-ல் தொடங்கிய டெபியன் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பு 2023 ஜூனில் வந்தது. அதில் 64,000-க்கும் அதிகமான பொதிகள் உள்ளன. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸுக்கும் டெபியன்தான் அடிப்படை. அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் 'பாஸ்' இருந்தது.

வழிகாட்டி ஏன் முக்கியம்?

பராமரிப்பவர் விலகிவிட்டால், டெபியனில் அந்தப் பொதியை 'அநாதை' என்று அறிவிப்பார்கள். வேறொருவர் ஏற்காவிட்டால் திருத்தங்கள் தாமதமாகும். புதியவர் துணிந்து ஏற்க, செய்முறை தெளிவாக இருக்க வேண்டும்.

வழிகாட்டியும் பழசாகும். பலர் படித்துவந்த 'நியூ மெயின்டெய்னர்ஸ் கைடு' இப்போது வழக்கொழிந்தது. அதன் இடத்தில் 'கைடு ஃபார் டெபியன் மெயின்டெய்னர்ஸ்' வந்துள்ளது. எனவே தேடலில் கிடைத்தது புதியதுதானா என்று முதலில் பாருங்க.

நீங்கள் என்ன செய்யலாம்?

நன்கு பழகியவர் கண்ணுக்கு விடுபட்ட படி தெரியாது. முதல்முறை செய்பவருக்குத்தான் தெரியும். அதனால் புதியவரின் சந்தேகத்துக்கு இங்கே மதிப்பு அதிகம்.

1. கணினியில் வழிகாட்டியைப் பார்த்து, எழுதியபடியே செய்யுங்கள். எந்த வரியில் நின்றீர்களோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிழைச்செய்தியை நகலெடுத்து வையுங்கள்.

2. டெபியனின் பிழைப்பதிவுக்கு மின்னஞ்சல் போதும். தனிக் கணக்கு வேண்டாம், போனிலிருந்தே அனுப்பலாம். கடிதத்தின் தொடக்கத்தில் வழிகாட்டிப் பொதியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் தனித்தனி வரியில் எழுத வேண்டும். எழுதும் முறை டெபியன் இணையதளத்தில் உள்ளது.

3. "புரியல" என்று மட்டும் எழுதாதீங்க. என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று மூன்றையும் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். எப்படி மாற்றினால் புரியும் என்று ஒரு வாக்கியமும் சேர்த்தால் இன்னும் நல்லது.

4. பதிலில் வரும் பிழை எண்ணைப் பத்திரமாக வையுங்கள். பின்னர் கேட்க அது உதவும்.

கவனிக்க: நீங்கள் அனுப்பும் கடிதமும் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் எல்லோர் பார்வைக்கும் இணையத்தில் இருக்கும். போன் எண், ஆதார் எண், கடவுச்சொல் எதையும் அதில் எழுத வேண்டாம்.

நிரல் எழுதத் தெரியாதே என்று ஒதுங்க வேண்டியதில்லை. நீங்கள் நின்ற இடத்தைச் சரியாகச் சொன்னாலே, அடுத்து வருபவர் அங்கே நிற்காமல் போவார்.