இரண்டு வாக்கியங்களுக்கு இடையே

புனே நகரில் வாழும் தமிழர்க்கு மொழிகள் மூன்று. இல்லத்தில் தமிழ், கடைத்தெருவில் மராத்தி, அலுவலகத்திலும் வீட்டுக்காரருக்கு வரையும் கடிதத்திலும் ஆங்கிலம். ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் வாழும் நம்மவர் பலர் ஆங்கிலத்தைத் தடையின்றி எழுதுகின்றனர். ஆயினும் அவ்வெழுத்தில் ஒரு பிழை அடிக்கடி தலைகாட்டுகிறது. முழுமையான இரு வாக்கியங்களை வெறுங் காற்புள்ளியால் இணைப்பதே அது.

இதற்குத் தாய்மொழியின் இயல்பே பெரிதும் காரணம் எனலாம். "கடிதத்தைப் படித்து, கையொப்பமிட்டு, அஞ்சலில் சேர்த்தோம்" என்கிறோம். 'படித்து', 'இட்டு' என்னும் வினையெச்சங்களே இணைக்கும் பணியைச் செய்துவிடுகின்றன. முற்றுவினை இறுதியில் ஒன்றுதான். மராத்தியில் 'வாசூன்', 'கரூன்' என்பனவும் இத்தகையனவே. இம்மொழிகளுக்கு நிறுத்தக்குறிகள் பின்னாளில் வந்து சேர்ந்தவை. புனேயில் பணியாற்றிய மேஜர் தாமஸ் கேண்டி, மராத்தியில் அவற்றை வழங்கும் முறை குறித்து 1850இல் நூல் வெளியிட்டார். தமிழ் உரைநடையில் அவற்றைப் பரப்பியவருள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். ஆங்கிலத்திலோ, தனித்தனி எழுவாயும் முற்றுவினையும் கொண்ட இரு வாக்கியங்களைச் சேர்க்கும் பாரத்தைக் காற்புள்ளி தனித்துத் தாங்காது.

தாங்காவிடில் நேரும் இழப்பு யாது? குடியிருப்பவர் ஒருவர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: "வி பெய்ட் தி அட்வான்ஸ், ஆன் ஃபர்ஸ்ட் ஜூன், தி ஓனர் கேவ் அஸ் தி கீ." ஜூன் முதல் தேதியில் நிகழ்ந்தது யாது? முன்பணம் கொடுத்ததா, சாவி பெற்றதா? சாவி பெற்ற நாள்முதல் வாடகை என்று பேச்சிருந்தால், இந்த ஐயம் ஒரு மாத வாடகை வழக்காகவே முடியலாம். 'அட்வான்ஸ்' என்பதன் பின் அரைப்புள்ளி இட்டால், அன்று பெற்றது சாவி. 'ஜூன்' என்பதன் பின் இட்டால், அன்று கொடுத்தது பணம்.

பிழை நீக்கும் வழிகள் நான்கு. முதலாவது, முற்றுப்புள்ளியிட்டு இரு வாக்கியங்களாகப் பிரித்தல். இரண்டாவது, கருத்து நெருங்கியிருப்பின் அரைப்புள்ளி இடுதல். மூன்றாவது, காற்புள்ளியோடு 'அண்ட்', 'பட்', 'ஆர்', 'ஸோ' போன்ற இணைப்புச் சொல் ஒன்றைச் சேர்த்தல். நான்காவது, ஒரு வாக்கியத்தை மற்றதற்குச் சார்பாக்குதல்: "ஆஃப்டர் வி பெய்ட் தி அட்வான்ஸ், தி ஓனர் கேவ் அஸ் தி கீ." நம் வினையெச்ச வழக்கிற்கு மிக அணுக்கமானது இதுவே.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' என்பன இணைப்புச் சொற்கள் போலத் தோன்றினும் வினையடைகளே. இரு வாக்கியங்களுக்கு இடையே அவை வருமிடத்து, முன்னர் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும். பின்னர்க் காற்புள்ளி இடுவது வழக்கு.

விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எழுதி முடித்ததும் காற்புள்ளிக்கு வலப்புறத்தைக் கையால் மறைத்துப் படியுங்கள். பின்னர் இடப்புறத்தை மறைத்துப் படியுங்கள். இரு பகுதிகளும் தனித்தனியே பொருள் முற்றி நின்று, இடையே இணைப்புச் சொல்லும் இல்லையேல், அங்கே காற்புள்ளி மட்டும் போதாது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டுரைக்கும் நம் விண்ணப்பங்களுக்கும் இச்சோதனை ஒன்றே பெருந்துணையாகும்.