இரத்தம் முன்கூட்டிச் சொல்லும் சேதி

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலே ஊற்றுநீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது என்பதும், அதை ராட்சத பம்புகள் அல்லும் பகலும் இறைத்து வெளியேற்றாவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும் என்பதும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாலபாடம். சில பம்புகள் நின்றுபோனாலும் மற்றவை அந்தப் பாரத்தைச் சுமந்துகொள்ளும்; சுரங்கத்துக்குள் நிற்பவன் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தென்படாது; பூமிக்குள் இறக்கிய கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறுவதைக் கவனிப்பவன் மட்டுமே வரப்போகும் விபரீதத்தை முன்னரே அறிவான். மனித சரீரத்தில் சிறுநீரகங்களின் நிலைமையும் ஏறக்குறைய இதுவே.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடித்து, அதில் ஒன்றரை லிட்டர் போக எஞ்சியதையெல்லாம் இரத்தத்துக்கே திருப்பித் தருகின்றன. இந்த வடிகட்டிகளில் பாதி அழிந்த பிறகும் மீதிப் பாதி அதிகப் பிரயாசையோடு உழைப்பதால், வலியோ வீக்கமோ தோன்றுவதில்லை. ‘உப்பு கூடியிருக்கிறதா’ என்று நம்மவர் கேட்கும் அந்தக் கிரியேட்டினின் பரிசோதனையும் பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது. 1886-ல் யாஃபே என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் கண்டுரைத்த வர்ண மாற்றத்தை ஆதாரமாகக் கொண்டு இன்றளவும் பல ஆய்வுக்கூடங்களில் அளக்கப்படும் இந்தப் பொருள், தசையிலிருந்து பிறக்கும் கழிவு. ஆகையால், அரைவயிற்று உணவோடும் மெலிந்த தேகத்தோடும் மண் சுமக்கும் ஒருவருக்கு, சிறுநீரகம் பெருமளவு பழுதடைந்திருந்தாலும் கிரியேட்டினின் சாதாரணமாகவே காணப்படலாம். ‘நார்மல்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி அவர் வீடு திரும்புவதைக் காட்டிலும் வேதனையான காரியம் வேறொன்றில்லை.

கிரியேட்டினின் பரிசோதனையின் இந்தக் குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டே, இரத்தத்தில் மிதக்கும் நூற்றுக்கணக்கான வளர்சிதைப் பொருள்களை, அதாவது உண்ட உணவும் உடலின் திசுக்களும் குடலின் கிருமிகளும் ரசாயன மாற்றமடைந்து விட்டுச்செல்லும் சூக்ஷ்மப் பொருள்களை, விஞ்ஞானிகள் இப்போது ஒருசேர அளந்து பார்க்கிறார்கள். அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்னும் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இருதய ஆராய்ச்சியில், 1990-களில் சேமித்துவைத்த இரத்தத்தை எடுத்து, சிறுநீரகம் அப்போது நன்றாக இருந்த 1,434 பேரிடம் 217 பொருள்களை அளந்தார்கள். எட்டாண்டுகளுக்குப்பின் அவர்களில் 123 பேருக்கு நாட்பட்ட சிறுநீரக வியாதி கண்டிருந்தது. 2013-ல் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, கோலின், சிட்ருலின் முதலிய ஒன்பது பொருள்கள் அவ்வியாதியை முன்கூட்டியே சுட்டிக்காட்டியிருந்தன.

சிட்ருலினின் கதை விசேஷமானது. குடலில் உற்பத்தியாகி இரத்தத்தில் வரும் அதனை, சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் ஆர்ஜினின் என்னும் வேறொரு பொருளாக மாற்றுகின்றன. குழாய்கள் தளர்ந்தால் அது மாற்றமடையாமல் இரத்தத்திலேயே தேங்குகிறது. அவ்வாறே, குடற்கிருமிகள் உணவின் புரதத்தைச் சிதைத்து உண்டாக்கும் இண்டோலைக் கல்லீரல் இண்டாக்சில் சல்பேட்டாக மாற்ற, அதைச் சிறுநீரில் தள்ளுகிற வேலையும் அந்தக் குழாய்களுடையதே. கிரியேட்டினின் முக்கியமாக வடிகட்டியின் வேலையைக் காட்ட, இவை குழாய்களின் வேலையையும் சேர்த்துக் காட்டுகின்றன. சிறுநீரகம் என்பது வெறும் சல்லடையன்று என்ற உண்மை இந்த ஆராய்ச்சிகளால் தெளிவாக விளங்குகிறது.

ஆயினும், இப்பரிசோதனைக்கு வேண்டிய நிறைமாலைமானி என்னும் கருவி விலையுயர்ந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் கேட்டால் கிடைக்காது. அதைவிட முக்கியமான தடையொன்று உண்டு. அரிசியும் புளியும் உண்டு, சித்திரை வெயிலில் வேலை செய்யும் மக்களின் இரத்தத்தில் எந்த அளவு சகஜம், எந்த அளவு அபாயம் என்பதை நம் மக்களிடமே சோதித்து நிர்ணயிக்க வேண்டும். இது நம் ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் ஏற்கவேண்டிய கடமை என்பது என் திடமான அபிப்பிராயம். 2023-ல் தமிழகத்து விவசாயத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வில் சுமார் 5 சதவிகிதம் பேருக்கு நாட்பட்ட சிறுநீரக வியாதி காணப்பட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் தென்படவில்லை. உஷ்ணமும் நீர் வற்றிய உடலும் சந்தேகிக்கப்படுகின்றன. திறந்தவெளிச் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அந்த உஷ்ணம் அந்நியமன்று.

நிலக்கரி ஊரில் வாழ்வோர் அறியவேண்டிய பழைய சம்பவம் ஒன்றும் உண்டு. டான்யூப் நதிப் பிரதேசத்துக் கிராமங்களில் குடும்பம் குடும்பமாகச் சிறுநீரகத்தை அழித்த மர்ம வியாதிக்கு, பழுப்பு நிலக்கரிப் படுகையிலிருந்து கிணற்றுநீரில் கரையும் பொருள்களே காரணம் என்று ஒரு சித்தாந்தம் பேசப்பட்டது. பிற்பாடு, கோதுமை வயலில் முளைத்த அரிஸ்டோலோக்கியா என்னும் களையின் விதை மாவில் கலந்ததே காரணம் என்பதற்கு வலுவான சான்றுகள் கிடைத்தன. நம் ஆடுதீண்டாப்பாளை அந்தத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த விஷம் இதிலும் உண்டு. மூலிகைதானே என்று கஷாயம் வைத்துக் குடிப்பவர்கள் இதை மனத்தில் கொள்ளவேண்டும்.

புதிய பரிசோதனை வருகிறவரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. சிறுநீரக நிபுணர் டாக்டர் எம். கே. மணியின் வழிகாட்டுதலில் சென்னை கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அருகேயுள்ள கிராமங்களில் சுமார் 25,000 பேரிடம், பள்ளிப்படிப்பு முடித்த பெண்களைப் பழக்கி, சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்த்து, இரத்த அழுத்தம் அளந்து, மலிவான மருந்துகளைக் கொண்டே பெரும்பாலோருடைய இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்துக் காட்டியது. 1955-ம் ஆண்டின் சுரங்க விதிகள் ஐந்தாண்டுக்கொரு முறையேனும் தொழிலாளரைப் பரிசோதிக்கச் சொல்லின. சிறுநீரகத்துக்கு ஐந்தாண்டு நீண்டகாலம். ஆகவே வாசகர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும், வெயிலில் உழைப்பவர்களும், ஆண்டுக்கொரு முறை கிரியேட்டினினோடு சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதத்தையும் சேர்த்துப் பாருங்கள், முடிவுச் சீட்டை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தி, சென்ற ஆண்டின் சீட்டையும் உடன் எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள்.