மூன்றாம் நாள் கால்கள்: வேளாங்கண்ணி நடைப்பயணத்தில் உடலைக் காப்பது எப்படி?

ஆகஸ்ட் பிற்பகுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு அந்தக் கூட்டம் பழக்கமானது. காவி உடை, கையில் ஜெபமாலை, முன்னால் மாதா சொரூபம் வைத்த சின்னத் தேர், பின்னால் பாயும் பாத்திரமும் ஏற்றிய குட்டி யானை வண்டி. "மரியே வாழ்க" என்று குரல் கொடுத்தபடி நடக்கிறார்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கோ, செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் திருவிழாவுக்கோ வேளாங்கண்ணி போய்ச் சேர வேண்டும். சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். எட்டு நாள், பத்து நாள் நடை. வேண்டுதலோடு வரும் பிற மதத்தவரும் இந்தக் குழுக்களில் உண்டு.

ஐரோப்பாவில் மோன் பிளாங் மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாகச் சுமார் 170 கி.மீ. நீளப் பாதை ஒன்று இருக்கிறது. குழுவாக ஓடியும் நடந்தும், இரவில் மலைக்குடில்களில் தங்கியும் அதைச் சுற்றி வருகிறார்கள். அதற்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். நம் வேளாங்கண்ணி நடை அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நீளம். மலையேற்றம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கடலோர வெக்கை, கொதிக்கும் தார், உரசிக்கொண்டு போகும் வண்டிகள் உண்டு. நம்மவர்களில் பலர் முந்தின நாள் வரை கடையிலோ அலுவலகத்திலோ உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் காலையில் நடக்கத் தொடங்குகிறார்கள்.

இப்படிப்பட்ட பயணத்தில் ஆளைச் சாய்ப்பது முதல் நாள் களைப்பு அல்ல. தீராமல் மறுநாளுக்கும், அதற்கடுத்த நாளுக்கும் கூடவே வரும் களைப்புதான். அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை நடப்பவர் தலையில் மட்டும் போடக் கூடாது. குழு முழுக்க அதை ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து.

கோவளம் தாண்டியதும்

பழக்கமில்லாத உழைப்புக்குப் பிறகு தசைவலி உடனே உச்சத்துக்கு வராது. 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் அது நன்றாகப் பிடிக்கும். சென்னை பெசன்ட் நகரிலிருந்து கிளம்பியவர்களுக்கு அந்த நேரம் எங்கே வருகிறது என்று பாருங்கள். முதல் நாள் முட்டுக்காடு, கோவளம் வரை பாட்டும் ஜெபமுமாக ஓடிவிடும். அடுத்து திருவிடந்தை, மாமல்லபுரம். அதன்பின் புதுப்பட்டினம், கல்பாக்கம், கூவத்தூர், கடப்பாக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்தக் கடலோரப் பகுதியில்தான் பலருக்கு இரண்டாம், மூன்றாம் நாள் அமைகிறது. கெண்டைக்கால் இறுகிக்கொள்ளும். பாதம் வீங்கி, சரியாக இருந்த செருப்பு பிடிக்க ஆரம்பிக்கும். இதற்கு அப்பால் மரக்காணம் உப்பளங்களின் நிழலற்ற வெளி காத்திருக்கிறது.

ஒரு கொப்புளம் வருகிறது. அதில் எடை விழாமல் இருக்க, ஆள் பாதத்தைச் சாய்த்து வைக்கிறார். இருபது கிலோமீட்டர் அப்படி நடந்தால் முழங்கால் வலிக்கிறது. வலிக்கு ஒரு மாத்திரை. வெயிலில் தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைத் தொடுகிறது. சின்னக் கொப்புளத்தை முதல் நாளே கவனித்திருந்தால் இந்தச் சங்கிலி ஆரம்பமே ஆகியிருக்காது.

ஆகவே பயிற்சியை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். தினமும் நான்கைந்து கிலோமீட்டரில் ஆரம்பித்து, வாரக் கடைசியில் ஒரு நீண்ட நடை. கடைசி இரண்டு வாரத்தில் அடுத்தடுத்த இரு நாள்கள் 15 கி.மீ. நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் உடம்பு என்ன சொல்கிறது என்பதே உண்மையான சோதனை. வெயிலுக்கு உடல் பழகவும் பத்து முதல் பதினான்கு நாள்கள் தேவை. குளிர்சாதன அறையில் வேலை செய்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

கொப்புளத்தை மதியுங்கள்

உராய்வும் ஈரமும் சேர்ந்தால் கொப்புளம். புதுச் செருப்பு, புது ஷூ எதையும் பயணத்தன்று முதன்முதலாகப் போடாதீர்கள். வீங்கும் பாதத்துக்கு இடம் இருக்கும்படி அரை அளவு பெரியதாக வாங்கி, பயிற்சி நாள்களிலேயே பழக்குங்கள். காலுறை ஈரமானால் மாற்ற வேண்டும். தங்கும் இடத்தில் காலைக் கழுவி, விரலிடுக்கு உட்பட நன்றாகத் துடைத்துக் காய வைக்க வேண்டும். தொடை உரசும் இடத்தில் காலையிலேயே வாசலின் தடவிக்கொள்ளுங்கள்; தோல் உரிந்த பிறகு தடவினால் எரிச்சல்தான்.

ஓர் இடம் சூடாகச் சுரீரென்றால் அப்போதே நின்று, அங்கே பிளாஸ்திரி ஒட்டுங்கள். "அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம்" என்று போனால் அதற்குள் தோல் பிரிந்துவிடும். சிறிய கொப்புளத்தை உடைக்காமல் மூடி வைப்பதே நல்லது. நீர் கோத்து நடக்க முடியாதபடி வலித்தால், முதலுதவி தெரிந்தவர் கையைக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றலாம். மேல்தோலை மட்டும் உரிக்கவே கூடாது. இயற்கை தந்த கட்டு அது. சுற்றிலும் சிவந்து, சூடாகி, சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைய நடை அத்தோடு முடிந்தது. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வலி மாத்திரை என்னும் ஆபத்து

குழுவில் யாராவது ஒருவர் பையில் மாத்திரைப் பட்டை இருக்கும். கேட்டவர்க்கெல்லாம் ஒன்று கிள்ளிக் கொடுப்பார். நல்ல மனதோடுதான் கொடுக்கிறார். ஆனால் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. உடலில் நீர் குறைந்திருக்கும் வேளையில் அது இரட்டைச் சுமை. பல நாள் தொடரும் நெடுந்தூர ஓட்டங்களில், 80 கி.மீ. கட்டத்தை ஓடியவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஐபுபுரூஃபன் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி ரத்தத்தில் தெரிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 34 சதவீதம். மாத்திரை இல்லாமலேயே மூன்றில் ஒருவருக்கு இப்படி என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

வலி தாங்கவில்லை என்றால் ஓய்வு, குளிர் ஒத்தடம், அளவோடு பாராசிட்டமால். அதற்கும் கேட்காத வலி, எலும்பின் ஒரே புள்ளியில் குத்தும் வலி, காலை ஊன்றவே முடியாத வலி ஆகியவை நடக்கக் கூடாது என்பதற்கான எச்சரிக்கைகள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள்படலாம். அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும்.

கடற்காற்று ஏமாற்றும்

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போன லட்சக்கணக்கானோரில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். வெயிலும் நீரிழப்பும் பலரை மயங்கி விழச் செய்தன. அது கத்திரி வெயில் காலம் அல்ல, இடமும் கடற்கரைதான். அதே 2024 ஜூனில் ஹஜ் பயணத்தில் 1,300-க்கும் மேற்பட்டோர் கொடும் வெயிலில் மாண்டதையும் உலகம் பார்த்தது. இறைவனை நோக்கி நடக்கும்போது உடல் தன் விதிகளைத் தளர்த்திக்கொள்வதில்லை.

வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் வழிந்து கீழே விழுகிறது. முகத்தில் காற்று படுவதால் சுகமாகத் தோன்றும். உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, கிறுகிறுப்பு வந்தால் உடனே நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அடுத்த கட்டம் வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறும். சம்பந்தமில்லாமல் கோபப்படுவார், தள்ளாடுவார், நினைவு தப்பும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடந்து வந்தவருக்கு வியர்த்துக்கொண்டே இருக்கலாம். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், மற்றவர்கள் அந்த நிமிடமே குளிர்விக்கத் தொடங்குங்கள். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருப்பது பெரிய தவறு. உடையைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, துண்டாலோ அட்டையாலோ விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். இந்த வழியில் மீன் இறங்கும் ஊர்களில் ஐஸ் கிடைக்கும். பக்கத்தில் பம்புசெட் தொட்டி இருந்தால், தலையைத் தாங்கிப் பிடித்தபடி கழுத்துவரை நீரில் இருத்துவது இன்னும் விரைவான வழி. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

நடையை விடியலுக்கு முன் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்து, மாலை நாலரைக்கு மேல் மீண்டும் தொடருங்கள். நண்பகலில் நடந்துதான் தீர வேண்டும் என்ற அளவுக்கு நாள் கணக்கு இறுக்கமாக இருந்தால், கணக்குதான் தவறு. ஒரு நாள் முன்கூட்டியே புறப்படுங்கள்.

தண்ணீர்: குறைந்தாலும் கேடு, மிஞ்சினாலும் கேடு

வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஆய்வுக்கு உட்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு அந்தக் குறைவு இருந்தது. வயிறு உப்பி, தலைவலியும் வாந்தியும் குழப்பமுமாக வரும் இந்த நிலையை நீரிழப்பு என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுத்தால் ஆபத்து கூடும். தாகத்துக்குக் குடியுங்கள், நடுநடுவே உப்புப் போட்ட மோர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ். சேருங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தட்டைக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. எல்லாம் தேக்கரண்டி அளவுதான். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் அளவு சரி.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வழியில் கழிப்பறை இல்லை என்பதற்காக நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நடக்கும் பெண்கள் ஏராளம். மயக்கமும் சிறுநீர்த் தொற்றும் அதனால் வருகின்றன. இது அவர்களின் குறையல்ல, ஏற்பாட்டின் குறை. எந்தக் கோயில் வளாகத்தில், எந்த மண்டபத்தில், எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை இருக்கிறது என்று முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வருவது குழுத் தலைவரின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள்

இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. எந்தக் குழுவிலும் இவர்கள் இருப்பார்கள்.

வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் நீண்டநாள் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கும். நண்பகல் தார்ச்சாலை 50 டிகிரிக்கு மேல் கொதிப்பதும், கண்ணாடிச் சில்லு ஏறியதும் தெரியாது. அந்தப் புண் விரலை எடுப்பதில் போய் முடியலாம். இவர்கள் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. தினமும் இரவில் இன்னொருவர் டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கொப்புளத்தைத் தாங்களே குத்தவும் கூடாது.

நீண்ட நடை சர்க்கரையை இறக்கும். இன்சுலின், கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்கு 70-க்குக் கீழே போய் நடுக்கமும் வியர்வையும் வரலாம். வெயில் மயக்கம் என்று அது தவறாக எண்ணப்படும். பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்தால் வீரியம் போய்விடும். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின், சில ரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவை நீரிழப்பைக் கூட்டக்கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், புறப்படும் முன் மருத்துவரிடம் பயணத்தைச் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டாலே வழி கிடைக்கும். சமீபத்தில் நெஞ்சுவலி, மாரடைப்பு கண்டவர்கள் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

சாலையும் கடலும்

இருட்டில் காவித் துணி வண்டி ஓட்டுபவர் கண்ணில் படாது. ஒளி பிரதிபலிக்கும் பட்டையை முன்னும் பின்னும் எல்லோரும் அணிய வேண்டும். தேருக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் சிவப்பு விளக்கு அவசியம். எதிரே வரும் வண்டி தெரியும்படி, வரிசையாக, சாலை விளிம்பைத் தாண்டி நடங்கள். விபத்து நேர்ந்தால் முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம், 2021 டிசம்பரில் செங்கல்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. பணத்தை எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

மாமல்லபுரம் வந்ததும் இளைஞர்கள் கடலில் இறங்கத் துடிப்பார்கள். களைத்த கால்களால் இழுப்பலையை எதிர்க்க முடியாது. குளியலைக் கிணற்றடியிலோ குழாயடியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

குழுத் தலைவர்களிடம் ஒரு கோரிக்கை

குழுவில் கடைசியாக வருபவரின் வேகம்தான் குழுவின் வேகம். அவருக்கும் பின்னால் அனுபவமுள்ள ஒருவர் முதலுதவிப் பையோடு வர வேண்டும். இருவர் இருவராக இணைத்துவிடுங்கள். காலையில் ஒருவர் மற்றவரிடம் சிறுநீர் போனதா, கால் எப்படி, தூங்கினீர்களா என்று கேட்கட்டும். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் பெயர், நோய், மருந்து, வீட்டு எண் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாதியில் வண்டி ஏறுவது வேண்டுதலை முறிப்பதாகாது என்று புறப்படும் நாளிலேயே, பங்குத்தந்தையையோ மூத்தவரையோ கொண்டு எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வையுங்கள். அது சொல்லப்படாத குழுவில்தான் நோயை மறைத்துக்கொண்டு நடப்பார்கள். குட்டி யானையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நிழலில் படுக்கும் அளவுக்கு இடத்தைத் தினமும் காலியாக வையுங்கள். யாரை ஏற்றுவது என்ற முடிவு உங்களுடையது; அவர் மறுத்தாலும் ஏற்றுங்கள்.