லினக்ஸ் கருனியின் நிலையளவுத் தரவினங்கள்

லினக்ஸ் கருனியின் நிலையளவுத் தரவினங்கள் என்பவை, எந்தச் செயலியில் இயங்கினாலும் ஒரே எண்ணிக்கையிலான பிட்டுகளைக் கொண்டிருக்குமாறு வரையறுக்கப்பட்ட முழு எண் வகைகள் ஆகும். கருனி (கெர்னல்) என்பது இயங்குதளத்தின் உட்கரு. வன்பொருளுடன் நேரடியாகப் பேசும் பகுதி அதுவே. இத்தரவினங்களுள் யூ8, யூ16, யூ32, யூ64 ஆகியவை குறியில்லா எண்களுக்கும், எஸ்8 முதல் எஸ்64 வரையானவை குறியுடைய எண்களுக்கும் உரியவை. பெயரிலுள்ள எண்ணே பிட்டுகளின் எண்ணிக்கை.

தேவை

கருனி பெரும்பாலும் சி நிரல்மொழியில் எழுதப்பட்டது. சி மொழியின் சீர்தரம் இன்ட், லாங் போன்ற வகைகளுக்குக் குறைந்தபட்ச அளவை மட்டுமே விதிக்கிறது: இன்ட் 16 பிட்டுகளுக்கும், லாங் 32 பிட்டுகளுக்கும் குறையக்கூடாது. லினக்ஸில் இன்ட் எங்கும் 32 பிட்டுகள். லாங் மட்டும் 32-பிட்டுச் செயலியில் 32 ஆகவும், 64-பிட்டுச் செயலியில் 64 ஆகவும் இருக்கும். (64-பிட்டு விண்டோஸில் லாங் 32 பிட்டுகளே.)

1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இன்டெல் 80386 செயலிக்காக மட்டும் கருனியை எழுதத் தொடங்கியபோது இதனால் தொல்லை ஏதும் இல்லை. 1995 இல் வெளியான 1.2 பதிப்பு ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் செயலிகளிலும் இயங்கியது. ஆல்ஃபா 64-பிட்டுச் செயலி. லாங் என்றால் 32 பிட்டு என்று எண்ணி எழுதிய நிரல் அங்கே பிழையானது. சாதாரண நிரலில் இது நினைவக விரயத்தோடு போகலாம், கருனியில் போகாது. வன்பொருளின் பதிவகங்கள், வட்டில் எழுதப்படும் கோப்பு முறைமை, வலையமைப்பில் செல்லும் பொதியின் தலைப்பு ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு பிட்டுக்கும் இடம் குறிக்கப்பட்டுள்ளது.

1999 ஆம் ஆண்டுச் சி சீர்தரமும் நிலையளவு வகைகளைச் சேர்த்தது. கருனியிலோ அதற்கு முன்பே தனிப்பெயர்கள் வழக்கிலிருந்தன. சுருக்கமான அப்பெயர்களே இன்றும் பெரிதும் எழுதப்படுகின்றன. பயனர் நிரல்களும் படிக்கும் தலைப்புக் கோப்புகளில் மட்டும், பெயர் மோதலைத் தவிர்க்க, __யூ32 என இரட்டை அடிக்கோடு முன்னே சேர்க்கப்படுகிறது.

அளவு ஒன்று, வகை இரண்டு

யூ64 எங்கும் 64 பிட்டுகள்தான். ஆயினும் ஆல்ஃபா, மிப்ஸ், பவர்பிசி ஆகியவற்றின் 64-பிட்டுக் கருனிகளில் அது லாங் வகையாகவும், எக்ஸ்86 இலும் எல்லா 32-பிட்டுச் செயலிகளிலும் லாங் லாங் வகையாகவும் வரையறுக்கப்பட்டிருந்தது. மதிப்பு மாறாது, ஆனால் நிரல்மாற்றியின் கண்ணில் அவை வெவ்வேறு வகைகள். ஒரு யூ64 எண்ணை அச்சிட எக்ஸ்86 கணினியில் எழுதிய வரி அங்கே அமைதியாகத் தொகுக்கப்படும், ஆல்ஃபாவில் எச்சரிக்கை தரும். அதைத் தவிர்க்க ஒவ்வோர் இடத்திலும் வகைமாற்றம் எழுத வேண்டியிருந்தது. பயனற்ற எச்சரிக்கைகள் குவிந்தால் உண்மைப் பிழையைச் சுட்டும் எச்சரிக்கையும் அவற்றுள் மறைந்துவிடும் என்பதே இதன் பெரிய தீங்கு. 2009 இல் பவர்பிசி கருனி லாங் லாங் வகைக்கு மாறியது. கருனிக்குள் எல்லாச் செயலிகளும் மாறி முடிந்து, பழைய வரையறை 2014 இல் நீக்கப்பட்டது. பயனர் நிரல்களுக்கு மட்டும், பழைய நிரல்களுடனான இணக்கம் கருதி, அச்செயலிகளில் லாங் வகையே விடப்பட்டது.

அளவு ஒன்று, இடம் வேறு

ஒரு யூ32, அடுத்து ஒரு யூ64 கொண்ட தொகுப்பு 32-பிட்டு எக்ஸ்86 இல் 12 பைட்டுகள். 64-பிட்டு எக்ஸ்86 இல் 16 பைட்டுகள். முன்னதில் யூ64 நான்கின் மடங்கான இடத்திலும், பின்னதில் எட்டின் மடங்கான இடத்திலும் தொடங்குவதே காரணம். ஆகவே 32-பிட்டுப் பயனர் நிரல் அனுப்பும் தொகுப்பை 64-பிட்டுக் கருனி அப்படியே படித்தால் இரண்டாம் எண் தவறாகும். இடைவெளியை வெளிப்படையாக ஒரு வெற்று யூ32 கொண்டு நிரப்புவது நல்ல வழக்கம்.

காலக் கணக்கு

நிலையளவு தராமல் விட்ட இடங்களுள் பெரும் செலவு வைத்தது நேரம். 1970 முதலான நொடிகளை எண்ணும் வகை லாங் ஆக இருந்ததால், 32-பிட்டுக் கணினிகளில் அது 2038 சனவரி 19, 03:14:07 (ஒருங்கிணைந்த உலக நேரம்) உடன் நிரம்பிவிடும். கருனி 2020 இல் வெளியான 5.6 பதிப்பில் இவ்வெல்லையைக் கடந்தது. பழைய 32-பிட்டுப் பயனர் நிரல்களோ 64-பிட்டு நேர வகையுடன் மீண்டும் தொகுக்கப்பட வேண்டும். கருனியை மட்டும் புதுப்பிப்பது அவற்றுக்குப் போதாது.