ஒரு கையெழுத்துதானே தம்பி!

திருச்சி கே.கே. நகர்ல எங்க சித்தப்பா வீட்டுக்கு ரெண்டாவது மாடி எழுப்பணும்னு ஆரம்பிச்சார். பிளானை என்கிட்ட நீட்டி, "நீதான் பி.இ. சிவில் முடிச்சிட்டியே, ஒரு கையெழுத்து போடுப்பா"ன்னார்.

"என் கையெழுத்து செல்லாது சித்தப்பா"ன்னேன். அவர் நம்பவே இல்லை. நாலு வருஷம் ஃபீஸ் கட்டுனதுல அவர் பங்கும் இருக்கே!

விஷயம் இதுதான். வக்கீலுக்கு 1961ஆம் வருஷச் சட்டம் இருக்கு. பதிவு பண்ணாம கோர்ட்ல வாதாட முடியாது. ஆர்க்கிடெக்ட்னு பேருக்குப் பக்கத்துல போட்டுக்க 1972ஆம் வருஷச் சட்டப்படி பதிவு வேணும். இன்ஜினியருக்கு மட்டும் நாடு முழுக்கப் பொருந்துற அப்படி ஒரு சட்டம் நம்மகிட்ட இல்லை. யார் வேணா போர்டு மாட்டலாம். பக்கத்துல இலங்கையில பாருங்க, 2017லயே இன்ஜினியர்கள் பதிவுக்குன்னு தனிச் சட்டம் போட்டாச்சு. அமெரிக்காவுல வயோமிங் மாநிலம் 1907லயே ஆரம்பிச்சிருச்சு.

"அப்போ நம்ம தெருவுல 'சார்ட்டர்ட் இன்ஜினியர்'னு போர்டு இருக்கே?"ன்னு சித்தப்பா விடல. அது 1920ல தொடங்கின இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் தர்ற தகுதி. படிப்பையும் அனுபவத்தையும் பார்த்துத்தான் தர்றாங்க, மரியாதையான விஷயம். ஆனா பிளான்ல கையெழுத்து போடுறதுக்கான பதிவு வேற.

அந்தப் பதிவு, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019ல வருது. பதிவு பெற்ற பொறியாளர் தனி, கட்டமைப்புப் பொறியாளர் தனி, மண்ணைச் சோதிக்கிற புவித்தொழில்நுட்பப் பொறியாளர் தனி. வெறும் டிகிரி போதாது, அனுபவச் சான்றும் காட்டணும். தப்பு பண்ணா பதிவு போகும். என்னைக் கேட்டா, லைசென்ஸோட அர்த்தமே அந்தக் கடைசி வரிதான். பறிபோகக்கூடிய ஒண்ணை அடமானம் வெச்சுத்தான் ஒருத்தர் கையெழுத்து போடுறார். என்கிட்ட அடமானம் வைக்க என்ன இருக்கு?

மௌலிவாக்கம் ஞாபகம் இருக்கா? 2014 ஜூன் 28, மழை பெய்ஞ்ச சாயங்காலம். கட்டிக்கிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துருச்சு. 61 பேர் செத்தாங்க. ஆந்திராவுல இருந்து வேலைக்கு வந்தவங்க நிறையப் பேர். பக்கத்துல நின்ன இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர்ல வெடி வெச்சு இடிச்சாங்க. அந்த இடத்துக்கும் பிளான் இருந்துச்சு, அனுமதியும் இருந்துச்சு.

"இப்போதான் சுயசான்று வந்துருச்சாமே?"ன்னு அடுத்த கேள்வி. 2024 ஜூலைல வந்தது உண்மை. 2,500 சதுர அடி வரைக்கும் மனை, அதுல 3,500 சதுர அடி வரைக்கும் வீடு, தரைத்தளமும் முதல் மாடியும் மட்டும்னு அப்போ அறிவிச்சாங்க. சித்தப்பா கேக்கறது ரெண்டாவது மாடி. அப்படியே அதுல அடங்கினாலும், கீழ இருக்கிற பில்லர் தாங்குமான்னு ஆன்லைன் ஃபார்ம் சொல்லாது.

கடைசியில பதிவு எண் உள்ள ஒரு கட்டமைப்புப் பொறியாளரைப் பிடிச்சோம். அவர் பிளானைத் திறக்கவே இல்லை. "முதல்ல ஒரு பில்லர் பக்கத்துல குழி தோண்டுங்க, அஸ்திவாரத்தைப் பார்க்கணும்"ன்னார். சித்தி வெச்ச முருங்கை போயிருச்சு. சித்தப்பா இன்னும் என்கிட்ட சரியாப் பேசல. குழி மட்டும் நாலடி இறங்கியிருக்கு.